எழுபத்திரண்டில் நின்றுபோனவர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் இடது கை என் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம், ஜெராக்ஸ் இயந்திரத்துக்கு நேர் மேலே கடிகாரம் மாட்டியிருக்கிறேன். உத்திரமேரூர் தாலுகா அலுவலகத்துக்கு எதிரில் கடை. மனு கொடுக்க வருபவர்கள் எல்லாரும் என்னிடம்தான் மணி கேட்பார்கள்.

ஒரு பெண்மணியின் ரேஷன் கார்டைக் கண்ணாடி மேல் வைத்துவிட்டு மூடியை இறக்கப் போனேன். கை போகவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது, பார்க்க என் கை மாதிரியேதான் இருந்தது.

"சார், ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல வரணும்" என்றார் அந்தப் பெண்மணி.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வெளியே வந்தது பேச்சு இல்லை.

கடையில் இருக்கும் ஒரே நாற்காலியில் அந்த வெள்ளை மீசைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, என் கோணிய வாயை நெருக்கத்தில் பார்த்தார். முகத்தில் ஒரு திருப்தி.

"பயப்படாத கண்ணு. நச்சு எறங்குது. ஒடம்பு பழசையெல்லாம் வெளிய தள்ளிக்கினு கீது. நல்ல அறிகுறி."

அந்த நல்ல அறிகுறியோடு நான் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் சரிந்தேன்.

"யோவ் பெரியவரே, மனுசன் வாய் கோணிக்கினு கீது, நச்சுன்றியே!" என்று கத்திய அந்தப் பெண்மணிதான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். அவர் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவருடைய ரேஷன் கார்டு பிரதியை நான் இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.

இனி அந்த நாற்காலிப் பெரியவரைப் பற்றி. ஊரில் அவருடைய பெயரை யாரும் சொல்வதில்லை. "எழுவத்திரெண்டு வந்துச்சா?", "எழுவத்திரெண்டு டீ குடிச்சிட்டுப் போச்சு" என்றுதான் பேச்சு. யாரைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது நலமா என்பதல்ல.

"என் வயசு இன்னா, சொல்லு பாக்கலாம்?"

ஐம்பத்தைந்து என்பார்கள். ஐம்பத்தெட்டு என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கண் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், எதிரில் நிற்பவர் தோற்றுப்போகும் வரை. அப்புறம் மெதுவாகச் சொல்வார்: "எழுவத்திரெண்டு." கேட்டவர் வாயைத் திறந்த அந்த நொடியில், சட்டைப் பையிலிருந்து பச்சை மூடி போட்ட டப்பா வெளியே வரும். வாயும் டப்பாவும் ஒரே நேரத்தில் திறக்கும்படி அவர் பழகி வைத்திருந்தார்.

அவர் இந்த ஊருக்கு வந்த வருடம் அவருக்கு எழுபத்திரண்டு. அடுத்த வருடமும் எழுபத்திரண்டு. மூன்றாம் வருடம் நான் விழுந்தபோதும் எழுபத்திரண்டு. வயது நின்றுவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அவருக்கு உண்மையில் ஐம்பத்தேழு. டப்பா விற்கிற மற்றவர்கள் வயதைக் குறைத்துச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள். இவர் பதினைந்து வருடம் கூட்டிச் சொன்னார். இளமையை விற்பவன் முதலில் தன்னைக் கிழவனாக்கிக்கொள்ள வேண்டும் என்று கண்டுபிடித்த அந்த மூளையை, பட்டப்படிப்பு படித்த நான் இன்றும் மதிக்கிறேன். ஊரே மாதம் ஒரு முறை தலைக்கு மை அடித்துக்கொள்ளும்போது, அவர் மட்டும் காதோர நரையைச் செல்லம் கொடுத்து வளர்த்தார். மீசையை வெள்ளையாகவே விட்டார். கையில் ஒரு தடி. அதை ஊன்றி நடந்து நான் பார்த்ததில்லை. கக்கத்தில் செருகிக்கொண்டு சைக்கிள் மிதிப்பார்.

காஞ்சிபுரம் பஸ்ஸில் அவரோடு ஒரு முறை போனேன். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தது. "நீ உக்காரு தாயீ. உனக்கு ரத்தம் பத்தாது, மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்று அதை உட்கார வைத்துவிட்டு, ஊர் வரும் வரை நின்றுகொண்டே வந்தார். நிற்பது சும்மா இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்களிடம் தன் வயதைச் சொல்லச் சொன்னார். பஸ் ஊர் சேர்வதற்குள் இரண்டு டப்பா போய்விட்டது.

மானாம்பதியில் ஒரு கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் பெரியவர்கள் காலில் விழும் நேரம். சபையில் மூத்தவர் யார் என்று பேச்சு வந்தது. அவர் தடியை மட்டும் ஒரு முறை தரையில் தட்டினார். பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்தார்கள். அவர்களைப் பார்த்து மாப்பிள்ளையின் அத்தையும் விழுந்தார். அந்த அம்மாளுக்கு அறுபத்தாறு வயது, இரண்டு முட்டியும் தேய்ந்தவர். விழுவதற்குத் துணை தேவைப்படவில்லை. எழுப்புவதற்குத்தான் இரண்டு பேர் வந்தார்கள்.

ஐம்பத்தேழு வயதுக்காரர் அறுபத்தாறு வயதுக்காரியின் உச்சியில் கை வைத்து, "நூறு வருசம் நல்லா இரும்மா. முட்டிக்கு ஒண்ணும் பயமில்ல, இத காலைல வெறும் வயித்துல போடு" என்றார். அட்சதை விழுந்த அதே கையில் டப்பாவும் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் விழலாமா என்றுதான் யோசித்தேன்.

நான் ஏன் ஏமாந்தேன் என்று என்னை அறிந்தவர்கள் இன்னும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு, அவருடைய ஆதார் அட்டை என் கையில்தான் வந்தது. பிரதி எடுத்ததும் நான், பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்ததும் நான். பிறந்த வருடம் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இரண்டு பிறந்த நாள் உண்டு. ஒன்று, அம்மா சொல்வது: ஏரி உடைந்த வருடம், நாற்று நடும்போது. மற்றது, பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் தன் வசதிக்கு எழுதியது. என் கடையில் நீட்டப்படும் அட்டைகளில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்தவர்கள். எனக்கே அட்டையில் ஒரு வயது குறைவு. அதனால் அட்டை ஒன்று சொல்லி ஆள் ஒன்று சொன்னால் இங்கே எல்லாரும் ஆளைத்தான் நம்புவோம்.

"இன்னாங்க, இதுல ஐம்பத்தேழுதான் வருது?" என்று கேட்டேன்.

"எங்க வாத்தியாரு கொறைச்சு எழுதிட்டாரு கண்ணு."

"ஆமாங்க, எனக்கும் அப்டித்தான்" என்று சொல்லி உறை போட்டுக் கொடுத்தேன்.

ஒன்று குறைப்பார்கள், இரண்டு குறைப்பார்கள். பதினைந்து குறைத்த வாத்தியார் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கணக்குப்படி, அவர் ஒன்றாம் வகுப்பில் சேரும்போது இருபது வயது. மீசையோடு மணலில் 'அ' எழுதியிருக்க வேண்டும். இது எனக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் உதித்தது.

ஆனால் நம்பியதற்கு அட்டை மட்டும் காரணமில்லை. எனக்கு ஒரே மகள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்து, கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கிய பின் பிறந்தவள். இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு, அவளுக்குப் பதின்மூன்று. போன வருடம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அவளுடைய தோழி ஒருத்தி ஓடி வந்து, "ஏய், உங்க தாத்தா வந்துகீறாரு" என்றாள். என் மகள் திருத்தவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "அப்பா, எனக்கு இருபத்தஞ்சு ஆவும்போது உனக்கு எவ்ளோ?"

சொன்னேன். அவள் என் சட்டையைப் பிடித்திருந்த பிடி இறுகியது.

மறுநாள் அவரிடம் நானே கேட்டேன். அவர் விற்கவில்லை, நான்தான் வாங்கினேன். அந்த நியாயத்தை அவருக்குச் செய்தே ஆக வேண்டும்.

டப்பாவில் இருந்த குளிகைகளுக்குள் திராட்சை விதை, கடல்பாசி, செல்லுக்குள் புகுந்து வயதைத் திருப்பும் ஏதோ ஒன்று. அதன் பெயரை அவரும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி சொன்னார். அடியில் எறும்பை விடச் சின்ன எழுத்தில் ஒரு வரி ஓடியது. ஜெராக்ஸ் கடைக்காரனிடம் சின்ன எழுத்து செல்லுமா? இயந்திரத்தில் வைத்து நான்கு மடங்கு பெரிதாக்கினேன். 'இது எந்த நோயையும் தடுக்கவோ குணப்படுத்தவோ உத்தேசிக்கப்பட்டது அல்ல' என்று இருந்தது. தாளை அவரிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்தார். "சரியாத்தான் போட்டுகீறான். அது நோய்க்கு. வயசு ஒரு நோயா கண்ணு?"

அந்தப் பதிலில் நான் மயங்கிவிட்டேன். பெரிதாக்கிய தாளைக் கசக்கிக் கூடையில் போட்டேன்.

"ஒரு மண்டலம் போடு. நாப்பத்தெட்டு நாள். ஆனா அந்த பிரஷர் மாத்திர கீதே, அது கூடாது. அது உள்ள இருந்தா இது உள்ள போவாது. ஒரு வூட்டுல ரெண்டு பேரு அதிகாரம் பண்ண முடியுமா?"

எட்டு வருடமாகச் சாப்பிட்டு வந்த மாத்திரையை அன்றே நிறுத்தினேன். மனைவியிடம் சொல்லவில்லை. பத்து நாளில் பலன் தெரிந்தது. நெற்றிப் பொட்டில் ஒரு துடிப்பு, காதில் ஒரு ரீங்காரம், முகத்தில் ஒரு சிவப்பு. "இன்னாங்க, மூஞ்சி தளதளன்னு இருக்கு?" என்று மனைவியே கேட்டாள். அவரிடம் சொன்னேன். "ரத்தம் புதுசா ஊறுது" என்றார். ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் களை என்று நினைத்து மகிழ்ந்தோம்.

முப்பத்தொன்பதாம் நாள் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மேல் சரிந்தேன்.

ஆம்புலன்ஸில் அவர் என்னோடு ஏறிக்கொண்டார். நழுவிப் போயிருக்கலாம், போகவில்லை. காஞ்சிபுரம் வரைக்கும் என் செத்த கையைத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார். வாயோரம் வழிந்ததைத் தன் துண்டால் துடைத்தார். அவரை முழுசாக வெறுக்க நினைக்கும்போதெல்லாம் அந்தத் துண்டு குறுக்கே வந்து நிற்கிறது.

கை மேல் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்த ஆம்புலன்ஸ்காரர், எண்ணைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். "வயசு என்ன?" என்று அவசரமாகக் கேட்டார்.

அவர் நிமிர்ந்தார். பழக்கம் விடுமா? "எனக்கா? நீயே சொல்லு பாக்கலாம்?"

"பெரியவரே, பேஷண்ட் வயசு!"

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். வாயின் ஒரு பாதி மட்டும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் சின்ன அடைப்பு, சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். இளம் பெண். மாத்திரையை நிறுத்தியதை என்னிடமிருந்து பாதிச் சொல்லாகக் கறந்துவிட்டு, மனைவி வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஆனா பிரஷர் மாத்திரைய நிறுத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஏன் நிறுத்தினீங்க? இத ஒரு நாளைக்கு எத்தனை எடுத்தீங்க?"

ஒரு விரலைக் காட்டினேன்.

"மூணு" என்றது ஒரு குரல். மனைவியின் பின்னால் நின்ற என் மகள்.

எனக்குத் தெரியாமல் காலையில் என் கேழ்வரகுக் கஞ்சியில் தினமும் அந்த டப்பாவிலிருந்து இன்னும் இரண்டு குளிகையைப் பிரித்துக் கொட்டியிருக்கிறாள். கடையில் அவர் யாரிடமோ, ஒன்று போட்டால் ஆயுசில் ஐந்து வருடம் கூடும் என்று சொன்னதைக் கேட்டிருக்கிறாள். ஐந்து வருடம் அவளுக்குப் போதவில்லை. கணக்கில் கெட்டிக்காரி, மூன்றால் பெருக்கிவிட்டாள்.

"நான்தாம்ப்பா உன்ன இப்டிப் பண்ணிட்டேன்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அது அவளால் இல்லை என்று டாக்டர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து எடுத்துச் சொன்னார். என் மனைவி சொன்னாள். நான் பாதி வாயால் சொன்னேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், ஒன்றையும் நம்பவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்டு தன்னைத் தேற்றுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து அவள் கையால் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடத் தரவில்லை. தன் தட்டிலும் சரியாகக் கை வைக்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் பழப்பையோடு வார்டுக்கு வந்தார். உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தார்: "மண்டலம் முடிய இன்னும் ஒன்பது நாள்தான். நடுவுல விட்டதுதான் தப்பு கண்ணு. வூட்டுக்குப் போனதும்..."

என் மனைவி எழுந்தாள். சத்தம் போடுகிறவள் இல்லை. பழப்பையை அவர் கையிலேயே திருப்பி மாட்டினாள்.

"ஐயா, உங்களுக்கு எழுவத்திரெண்டு ஆவுது. இந்த ஆஸ்பத்திரிக் காத்து வயசானவங்களுக்கு ஒத்துக்காது. எதுனா ஒண்ணு ஆயிட்டா ஊருக்கு யாரு ஆசீர்வாதம் பண்றது? கெளம்புங்க."

அவர் என்னைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வயதைக் கேட்காமல் அவர் ஆரம்பிக்கவிருந்த முதல் வாக்கியம் அதுவாக இருந்திருக்கலாம். பழப்பையோடு போய்விட்டார். நான் வீடு திரும்பிய வாரம் உத்திரமேரூரில் அவர் இல்லை. ஓரிக்கைப் பக்கம் ஜாகை மாற்றிவிட்டார் என்றார்கள். அங்கேயும் எழுபத்திரண்டாகத்தான் இருப்பார்.

இந்த மாதிரி டப்பாக்களைச் சாப்பிடலாமா கூடாதா என்று கடைக்கு வருபவர்கள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். வாய் கோணினால் அறிஞன் ஆகிவிடலாம் போலிருக்கிறது. வெளிநாட்டில் ஆராய்கிறார்களாம். ஆராயட்டும். முடிவு வரும்வரை நான் சோதனை எலியாக இருக்கத் தயாரில்லை, ஏற்கெனவே ஒரு தடவை இருந்துவிட்டேன் என்று சொல்கிறேன். பேச்சு சுமாராகத் திரும்பிவிட்டது. இடது கையில் இரண்டு விரல் மட்டும் இன்னும் யோசித்து யோசித்து மடங்குகிறது. வீடு திரும்பிய புதிதில் இரவில் தூக்கம் பிடிக்கவில்லை. ஆனால் என் பயம் அந்த விரல்களைப் பற்றியதல்ல. சமையலறை வாசலில், தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த ஒருத்தியைப் பற்றியது.

அப்படி அவள் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான், வீடு வீடாகப் போய்ப் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் சுகாதாரப் பணியாளர் அம்மா வந்தார். கடையில் காசு கொடுத்து வாங்குகிறவன் என்ற பெருமையில் நான் அதுவரை அரசாங்க மாத்திரை வாங்கியதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என் பெயரை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். தோள்பையை இறக்கி, பட்டையை என் கையில் சுற்றினார். என் மனைவி நடந்ததை எல்லாம் கொட்டினாள், டப்பா, எழுபத்திரண்டு, மகள், கஞ்சி எல்லாம்.

"யாரு, அந்த வெள்ள மீசையா?" என்றார் அந்த அம்மா. பட்டையிலிருந்து காற்று புஸ்ஸென்று இறங்கியது. "அது மூணு வருசமா என் கையால பிரஷர் மாத்திர வாங்குதே! ஒரு மாசம் தவறினது இல்ல. வூட்டுல டப்பா டப்பாவா அடுக்கி வெச்சிகீது, ஒண்ணுலகூட சீல ஒடைக்கல. 'இன்னா பெரியவரே, நீ சாப்டறது இல்லியா'ன்னு கேட்டேன். 'எனக்கு உசுரு மேல ஆச கீதும்மா'ன்னுச்சு. ஓரிக்கைக்குப் போயும் மாத்திர தீர்றதுக்கு ரெண்டு நாளு முன்னாடி எனக்குப் போன் பண்ணுது."

என் மகள் தலையைத் தூக்கினாள். "அவரும் அந்த மாத்திரதான் சாப்டுவாரா?"

"பின்ன? அதனாலதான் சைக்கிள் மிதிக்குது. உங்க நைனா அத வுட்டாரு, வுழுந்தாரு. கஞ்சில நீ போட்டதுக்கு அவரு வுழல கண்ணு. நீ போடலன்னாலும் வுழுந்துதான் இருப்பாரு." ஓர் அட்டையைக் கிழித்து ஒரு மாத்திரையை எடுத்து என் மகளின் உள்ளங்கையில் வைத்தார். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்த அம்மா அதைப் பிடித்து மூடிவிட்டார்.

"போ, தண்ணி எடுத்தா. நீயே உங்க நைனாவுக்குக் குடு. தெனமும் நீதான் குடுக்கணும், வேற ஆளு கிட்ட வுடாத. முழுங்கினதும் நாக்க நீட்டச் சொல்லிப் பாரு. இந்தப் படிச்ச ஆளுங்கள நம்பக் கூடாது."